ஒட்டு மூக்கும் பூசிய கறுப்பும்

பாடகி நல்ல கறுப்பு. நடிகை மாநிறம்.

பாடகியின் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். நடிகையின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசினார்கள். செயற்கை மூக்கு ஒட்டினார்கள். பொய்ப் பல்லும் வைத்தார்கள்.

படம் வெளிவருமுன்பே பெரும் சண்டை மூண்டது!

"சினிமா என்றாலே வேஷம்தானே? இதில் என்ன தப்பு?" என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் பாடகி யார் என்று தெரிந்தால் காரணம் புரியும்.

முன் வரிசை

அவர் பெயர் நினா சிமோன். 1933-ம் ஆண்டு, அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் உள்ள டிரையான் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யூனிஸ் வேமன். எட்டுக் குழந்தைகளில் ஆறாவது குழந்தை.

தாயார் சர்ச்சில் பிரசங்கம் செய்வார். வெள்ளைக்காரர் வீட்டில் வேலையும் பார்ப்பார். குழந்தையோ மிகச் சிறு வயதிலேயே பியானோ வாசித்தாள். ஊரார் அதிசயப்பட்டார்கள். அவள் படிப்புக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

ஒரு நாள் அந்தச் சிறுமியின் கச்சேரி நடந்தது. பெற்றோர் ஆசையோடு முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களை எழுப்பிப் பின்னால் போகச் சொன்னார்கள். முன் இடம் வெள்ளைக்காரருக்காம்!

சிறுமி பியானோவைத் தொடவில்லை. பெற்றோரை மீண்டும் முன்னால் உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியே உட்கார வைத்தார்கள். பிறகுதான் வாசித்தாள்.

கதவு திறக்கவில்லை

பிலடெல்பியா நகரின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் சேர 1951-ல் முயன்றார். இடம் கிடைக்கவில்லை. தன் நிறம்தான் காரணம் என்று கடைசிவரை நம்பினார்.

பிழைப்புக்காக ஒரு மதுபான விடுதியில் பியானோ வாசிக்கப் போனார். பாடினால்தான் வேலை என்றார் முதலாளி. அதனால் பாடகி ஆனார்! தாயாருக்குத் தெரியக் கூடாது என்று பெயரையும் மாற்றிக்கொண்டார்.

1963-ல் பர்மிங்காம் நகரில், கறுப்பினத்தாரின் சர்ச்சில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் மாண்டார்கள். நினா கொதித்துப் போனார். நிற வெறியைச் சாடும் பாட்டு ஒன்றை எழுதிப் பாடினார். அது முதல் கறுப்பினத்தாரின் உரிமைக் குரலாகவே ஆகிவிட்டார்.

2003 ஏப்ரலில் பிரான்சு நாட்டில் காலமானார். அதற்குச் சில நாள் முன்புதான், அன்று இடம் தராத கர்ட்டிஸ் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது!

ஏன் கோபம்?

2016-ல் "நினா" என்ற படம் வந்தது. எழுதி டைரக்ட் செய்தவர் சின்தியா மோர்ட். நினாவாக நடித்தவர் ஸோயி சல்டானா. டொமினிக்கன், போர்ட்டோ ரீக்கோ வழி வந்த குடும்பம் அவருடையது. தானும் ஒரு கறுப்பினப் பெண்தான் என்று அவர் சொன்னார்.

இதே சல்டானா 2009-ல் "அவதார்" படத்தில் நீல நிறப் பெண்ணாக வந்தவர். 2014-ல் வேறொரு படத்தில் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு நடித்தவர். அப்போது யாரும் கோபப்படவில்லை. கறுப்புச் சாயத்துக்கு மட்டும் ஏன் கோபம்?

நீல நிற மனிதர் உலகில் இல்லை. ஆகவே யாருடைய வேடமும் பறிபோகவில்லை. கறுப்பு நிற நடிகைகள் இருக்கிறார்கள். நிறம் அதிகம் என்பதாலேயே கதாநாயகி வேடம் கிடைக்காமல் ஒதுக்கப்படுகிறவர்கள் அவர்கள். கறுப்பான பெண்ணைப் பற்றிய கதையிலும் அவர்களுக்கு இடம் இல்லை என்றால், வேறு எந்தக் கதையில் இடம் கிடைக்கும்?

பழைய புண் ஒன்றும் உண்டு. வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசி, கறுப்பரைப் போல வேடம் கட்டி ஆடிப் பாடியது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். 1927-ல் வந்த "ஜாஸ் சிங்கர்" என்ற பேசும் படத்திலும் அல் ஜால்சன் அப்படித்தான் பாடினார். கறுப்புச் சாயத்தைக் கண்டால் அந்த நினைவு வராமல் இருக்குமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, நிறம் அதிகக் கறுப்பு, மூக்கு பெரிது என்று பிறர் சொல்லக் கேட்டே வளர்ந்தவர் நினா. அவர் சாகும்வரை மாற்றிக்கொள்ளாத அந்த நிறமும் மூக்கும், படத்தில் மாலையில் கழுவிவிடும் மேக்கப் ஆகிவிட்டன.

மகள் சொன்னது

நினாவின் மகள் லிசாவும் ஒரு பாடகி. படத்தின் கதை தன் தாயாரின் உண்மைக் கதை அல்ல என்று அவர் குறை கூறினார். ஆனால் நடிகையைத் திட்டுவது நியாயம் இல்லை என்றும் சொன்னார். வேடத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிறவர் நடிகை அல்லவே!

ஆனாலும் நடிகையின் மனம் ஆறவில்லை. 2020 ஆகஸ்டில் சல்டானா கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். அந்த வேடத்தைத் தான் ஏற்றிருக்கவே கூடாது என்றார். தனக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு, நினாவைப் போன்ற கறுப்பினப் பெண் ஒருவருக்கு அதை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இதற்கெல்லாம் முன்பே, 2015-ல் நினாவைப் பற்றி ஒரு செய்திப் படம் வந்திருந்தது. பழைய கச்சேரிப் படங்களையும் அவர் பேச்சையும் சேர்த்துத் தொகுத்த படம் அது. ஆஸ்கார் பரிசுப் போட்டிக்கும் போயிற்று. நினாவை அவர் சொந்த முகத்தோடு பார்க்க விரும்புகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.