மறைந்திருக்கும் கலையும் நடுவரின் நேர்மையும்

ஒளித்துப் பிடித்து விளையாடாத சிறுவர் எந்த நாட்டிலும் இலர் எனலாம். ஒருவன் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுகிறான். ஏனையோர் மரத்தின் பின்னும் கதவின் மறைவிலும் பதுங்குகின்றனர். ஒளிந்தவன் அகப்பட்டானா, இல்லையா என்பதைக் கண்ணே தீர்த்துவிடும், வழக்குக்கு இடமில்லை. ஆனால், நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, சொல்லினாலேயே ஒரு கற்பனை உலகைப் படைத்து விளையாடும்போது, அவ்வுலகில் ஒருவன் ஒளிந்துகொண்டதை யார் தீர்ப்பது? எவ்வாறு தீர்ப்பது?

இத்தகைய விளையாட்டுக்களுள் முதன்மையானது, 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதாகும். பாதாள அறைகளும் பறக்கும் நாகங்களும் என்பது அப்பெயரின் பொருள். காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் இதனை ஆக்கினர். ஆடுவோர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் மட்டும் நடுவராக இருப்பார். கதவுக்கு அப்பால் இருப்பது யாது, காவற்காரன் எண்ணுவது யாது என்பதெல்லாம் அவர் ஒருவருக்கே தெரியும். முடிவு ஐயத்துக்குரியதாயின் பகடை உருட்டித் தீர்ப்பர்.

விதிகள் வளர்ந்த வரலாறு

முதலில் வெளிவந்த நூல்களில் கள்வன் என்னும் பாத்திரமே இல்லை. 1975இல் வந்த 'கிறேஹோக்' என்னும் இணைப்பு நூலே அவனைக் கொணர்ந்தது. 1978ஆம் ஆண்டின் கைந்நூலின்படி, தொழிலுக்குப் புதியவனான கள்வன் நிழலில் மறைவதற்கு நூற்றுக்கு 10 வீதமும், ஓசையின்றி நடப்பதற்கு 15 வீதமுமே வாய்ப்புண்டு. ஒளிவதையே தொழிலாகக் கொண்டவன் பத்துத் தடவையில் ஒன்பது தடவை அகப்படுவானாயின் அவனால் யாது பயன்? பீப்பாவின் பின்னால் எவரும் ஒளியலாம். வெறும் நிழலிலே மறைவதுதான் கள்வனுக்கே உரிய அருந்திறன். அந்த எண் அதற்கு மட்டுமே உரியது என்று பொருள்கொண்டு இக்குறையைத் தீர்த்தோரும் உளர்.

1989ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு நுட்பமான முறையை வகுத்தது. கள்வன் நிழலில் மறைய முயலும்போது நடுவரே இரகசியமாகப் பகடை உருட்டுவார். கள்வனோ தான் மறைந்துவிட்டதாகவே நம்புவான். திரைக்குப் பின்னால் நிற்பவனுக்குத் தன் கால்விரல் வெளியே தெரிவது தெரியாதல்லவா?

2000ஆம் ஆண்டில் ஒளிபவனின் திறனும் தேடுபவனின் திறனும் நேருக்கு நேர் பொருதும் முறை வந்தது. 2008இல், மறைதலும் ஓசையின்றி நடத்தலும் ஒரே திறனாக இணைக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு விதிப்படி, ஒளிபவன் இருபது முகப் பகடையை உருட்டித் தன் திறனைக் கூட்டிக்கொள்கிறான். சிறப்பாகத் தேடாது நிற்கும் காவற்காரனுக்கோ பகடை வேண்டியதில்லை. 10 என்னும் எண்ணோடு அவனது கூர்ந்துநோக்கும் திறனைக் கூட்டினாற் போதும். இதனால் விளையும் நன்மை பெரிது. பகைவன் ஒருவன் பதுங்கியிருக்கும்போது, "உங்கள் பகடையை உருட்டுங்கள்" என்று நடுவர் சொன்னாலே, ஏதோ இருக்கிறதென்று ஆடுவோர் அறிந்துவிடுவர். நிலையான எண் அந்த இரகசியத்தைக் காக்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம், பகைவர் பார்வைக்கு அகப்படாமல், அடர்ந்த இருளிலோ தக்க மறைவிலோ இருந்துகொண்டு 15 அல்லது அதற்கு மேல் பெறவேண்டும் என்று வரையறுத்தது. அவன் பெற்ற எண்ணே பின்னர்த் தேடுபவன் எட்டவேண்டிய இலக்காகும்.

கணக்குக் காட்டும் உண்மை

விதி எதுவாயினும், அதனை நடுவர் கையாளும் முறையிலேதான் பலரும் இடறுகின்றனர். நால்வர் ஒரு கோட்டைக்குள் பதுங்கிச் செல்கின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் அகப்படாதிருக்க 70 வீத வாய்ப்புண்டு. நால்வரும் தனித்தனியே உருட்டி, நால்வரும் வெல்லவேண்டுமெனில், எஞ்சும் வாய்ப்பு 24 வீதமே. கள்வன் தனியே சென்றாலும், முற்றத்தில் ஒன்று, படிக்கட்டில் ஒன்று, அறைவாயிலில் ஒன்று என மூன்று தடவை உருட்டச் சொன்னால், அவனது 70 வீதம் 34 வீதமாகத் தேய்ந்துவிடும். நடுவர் வஞ்சகமாக ஒன்றும் செய்யவில்லை. ஆயினும் பயன் வஞ்சகம் செய்ததற்கு ஒப்பானது.

இதற்கு மாற்று, 2014ஆம் ஆண்டு விதிகளில் உள்ள குழு முறையாகும். கூட்டத்திற் பாதிப்பேர் வென்றால் முழுக்கூட்டமும் வென்றதாகும். அதன்படி மேற்சொன்ன நால்வரின் வாய்ப்பு ஏறத்தாழ 92 வீதமாக உயர்கிறது. இரும்புக் கவசம் அணிந்த வீரனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் தோழனின் உதவிக்கு இது மதிப்பளிக்கிறது. தனியே செல்பவனுக்கும், சூழ்நிலை மாறும்வரை ஒரு தடவை உருட்டியதே செல்லும் என்று வைப்பது நன்று.

பகடைக்கு அப்பால்

பகடை உருட்டுமுன் நடுவர் சூழ்நிலையை விளக்கவேண்டும். விளக்கு எங்கே எரிகிறது? காவற்காரன் எப்பக்கம் நோக்கி நிற்கிறான்? அகப்பட்டால் நேர்வது யாது? நண்பகல் வெயிலில் வெட்டவெளியில் நிற்பவனை இருபது விழுந்தாலும் மறைக்கவியலாது. எவரும் தேடாத பெட்டகத்துள் இருப்பவனுக்குப் பகடையே வேண்டியதில்லை. தோல்வியும் படிப்படியாக வரலாம். ஒரு கல் உருண்டால் காவற்காரன் உடனே மணியடிக்கவேண்டுமா? "யாரது?" என்று லாந்தரை உயர்த்திக்கொண்டு இரண்டடி முன்வரட்டும். அந்த இரண்டடிக்குள் ஆடுபவனின் மதி வேலை செய்யும்.

எல்லாவற்றினும் அரியது ஒன்றுண்டு. கள்வன் பீப்பாவின் பின்னால் இருப்பது நடுவருக்குத் தெரியும், காவற்காரனுக்குத் தெரியாது. காவற்காரனின் வாயாகப் பேசுபவரும் அதே நடுவர்தான். தாம் அறிந்ததை அவனுக்குக் கொடுத்துவிடாமல், அவன் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே கொண்டு அவனை இயக்குவதே நடுவரின் நேர்மை. காரணமின்றிக் காவற்காரன் பீப்பாவை நோக்கி நடப்பானாயின், அன்றைக்கு நடுவர் வென்றிருப்பார், விளையாட்டுத் தோற்றிருக்கும். மறுமுறை அந்தப் பிள்ளை ஒளிய முயலான், வாளை உருவுவான். ஆடுவோருக்கும் இதே கடமை உண்டு. அடுத்த அறையில் தோழன் அகப்பட்டதைத் தம் செவியாற் கேட்டாலும், தம் பாத்திரம் அதனை அறியும்வரை அறியாதவராகவே ஆடவேண்டும்.

வலிமை கையிலிருந்தும் அதனைத் தமக்காகப் பயன்படுத்தாது அடங்கியிருக்கும் பழக்கம் எளிதில் வருவதன்று. ஓர் இருபது முகப் பகடையும் நான்கு தோழரும் அதனைப் பழக்குவார்களாயின், அப்பொழுதுபோக்கை வீண் என்று சொல்வதற்கில்லை.