கீழ் ஃப்ரீசர் குளிர்சாதனப் பெட்டி

கீழ் ஃப்ரீசர் குளிர்சாதனப் பெட்டி என்பது, பொருட்களை உறையவைக்கும் ஃப்ரீசர் கீழேயும், பால், காய்கறி, சமைத்த உணவு ஆகியவற்றை வைக்கும் குளிர்பகுதி மேலேயும் அமைந்த வீட்டு ஃபிரிட்ஜ் ஆகும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜிலும் வழக்கமான இரட்டைக் கதவு ஃபிரிட்ஜிலும் ஃப்ரீசர் மேலே இருக்கும். ஃப்ரீசர் கீழே இடம் மாறும்போது பெட்டி இயங்கும் முறையும் மாறுகிறது. குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும். தானாக மேலே ஏறாது. ஆகவே கீழே உண்டாகும் குளிரை மேலே கொண்டுசெல்லத் தனி ஏற்பாடு தேவை. இந்த வகைப் பெட்டியின் வசதிகள், பழுதுகள், பராமரிப்பு முறைகள் பலவற்றையும் இதைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

அமைப்பும் பயன்களும்

ஒரு வீட்டில் மேல் குளிர்பகுதி ஒரு நாளில் பலமுறை திறக்கப்படும். ஃப்ரீசர் சில முறையே திறக்கப்படும். அடிக்கடி எடுக்கும் பால், தயிர், மாவு, காய்கறி ஆகியவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பதே இந்த அமைப்பின் முதன்மையான பயன். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது வசதியானது. மீன், இறைச்சி, ஐஸ் ஆகியவற்றை அடிக்கடி எடுக்கும் வீட்டில் இதே அமைப்பு சிரமம் தரும். ஒவ்வொரு முறையும் குனிய வேண்டியிருக்கும்.

ஃப்ரீசரில் பெரும்பாலும் தட்டுகளுக்குப் பதிலாக இழுப்பறைகள் இருக்கும். கதவைத் திறந்தாலும் கனமான குளிர்காற்று அந்த அறைகளுக்குள் ஓரளவு தங்கிவிடுவதால் குளிர் இழப்பு குறைகிறது. ஆனால் ஓர் இழுப்பறை முழுமையாக உள்ளே போகாவிட்டால் கதவு மயிரிழை அளவு திறந்தே நிற்கும். வெளியிலிருந்து ஈரக்காற்று தொடர்ந்து நுழைந்து பனியாகப் படியும். கதவு மூடியதுபோலவே தோன்றுவதால் இது எளிதில் கண்ணில் படாது.

இயங்கும் முறை

பெரும்பாலான குளிர்சாதனப் பெட்டிகளைப்போல இதிலும் நான்கு முக்கிய உறுப்புகள் உள்ளன: கம்ப்ரசர், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், மெல்லிய கேபிலரி குழாய், குளிர் உண்டாகும் எவாப்பரேட்டர் சுருள். கம்ப்ரசர் குளிர்பதன வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. அது கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. கேபிலரி குழாயைக் கடந்ததும் அழுத்தம் குறைய, திரவம் எவாப்பரேட்டரில் ஆவியாகிறது. அதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. பல புதிய மாடல்களில் கண்டென்சர் குழாய் பக்கச் சுவர்களுக்குள் பதிக்கப்பட்டுள்ளது. வெளிச்சுவர் கைக்கு வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான். அது பழுது அல்ல.

பனி படியாத (ஃப்ராஸ்ட் ஃப்ரீ) கீழ் ஃப்ரீசர் பெட்டிகள் பலவற்றில் ஒரே ஓர் எவாப்பரேட்டர் சுருள்தான் உண்டு. அது ஃப்ரீசரின் பின்சுவர் மூடிக்குப் பின்னால் இருக்கும். அங்குள்ள மின்விசிறி குளிர்காற்றின் பெரும்பகுதியை ஃப்ரீசருக்குள்ளும், ஒரு பகுதியைப் பின்சுவரில் உள்ள காற்றுப்பாதை வழியாக மேலேயும் தள்ளுகிறது. எவ்வளவு காற்று மேலே போக வேண்டும் என்பதை டாம்பர் எனப்படும் சிறு தடுப்புக்கதவு கட்டுப்படுத்துகிறது. மேலே வெப்பமடைந்த காற்று வேறொரு பாதையில் திரும்பிச் சுருளுக்கு வருகிறது. வேறு சில மாடல்களில் மேல்பகுதிக்கும் ஃப்ரீசருக்கும் தனித்தனிச் சுருள்கள் உண்டு.

ஒரே சுருள் உள்ள பெட்டியில் விசிறி நின்றாலோ, காற்றுப்பாதை அடைபட்டாலோ, ஃப்ரீசரில் ஐஸ் உறைந்தபடியே இருக்கும். மேலே பால் திரிந்துபோகும். ஐஸ் இருப்பதைப் பார்த்து ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

பனி நீக்கமும் தண்ணீர்ப் பாதையும்

காற்றில் உள்ள ஈரம் சுருளில் பனியாகப் படிகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் படிவதும் அதிகம். இந்தப் பனியை உருக்க, சுருளுக்கு அருகில் ஒரு ஹீட்டர் உள்ளது. பழைய மாடல்களில் டைமர் 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை இயக்கும். புதிய மாடல்களில் கதவு திறக்கும் எண்ணிக்கை, கம்ப்ரசர் ஓடிய நேரம் போன்றவற்றைக் கணக்கிட்டு மின்னணுப் பலகை இயக்கும். உருகிய நீர் சுருளுக்குக் கீழே உள்ள துளை வழியாக வடிந்து, பெட்டியின் பின்னால் கம்ப்ரசருக்கு அருகிலுள்ள தட்டில் சேரும். கம்ப்ரசரின் வெப்பத்தில் அது ஆவியாகும்.

வடிகால் துளையில் தூசியோ உணவுத் துணுக்கோ அடைத்தால் நீர் அங்கேயே உறையும். அடுத்த முறை உருகும் நீருக்குப் போக வழியில்லாமல் ஃப்ரீசரின் தரையில் பரவி, கடைசி இழுப்பறைக்கு அடியில் ஐஸ் பாளமாகும். இழுப்பறை திடீரென்று இழுக்க வராமல் போவதும், ஃப்ரீசர் கதவுக்கு அடியில் தண்ணீர் கசிவதும் இதன் அறிகுறிகள்.

பின்புறத் தட்டில் நீர் ஆவியாகாமல் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். கழற்றக்கூடிய தட்டாக இருந்தால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் நீரை மட்டும் கொட்டினால் போதாது. இந்த வேலைக்கு முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

சரியான வெப்பநிலை

மேல்பகுதி 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழேயும், ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி வரை உள்ள வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும். உள்ளே கை வைத்துப் பார்த்து வெப்பநிலையை அறிய முடியாது. ஒரு டம்ளர் நீரில் ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரை நிறுத்தி, நடுத்தட்டில் ஓர் இரவு வைத்திருந்து காலையில் பார்ப்பது நம்பகமான வழி.

ஒரே சுருள் உள்ள சில மாடல்களில் இரண்டு கட்டுப்பாடுகள் இருக்கும். ஒன்று கம்ப்ரசரை இயக்கும். மற்றொன்று காற்று மேலும் கீழும் பிரிவதை மாற்றும். இவற்றில் ஃப்ரீசருக்கான குமிழை அதிகக் குளிருக்குத் திருப்பினால் மேலே போகும் காற்று குறைந்து, மேல்பகுதி வெப்பமாகக்கூடும். வெயில் காலத்தில் எல்லாக் குமிழ்களையும் உச்சத்தில் வைப்பதற்கு முன் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

உணவை வைக்கும் முறை

பின்சுவரில் உள்ள காற்றுத் துளைகளைப் பாத்திரம், பால் பாக்கெட், கீரைக்கட்டு எதுவும் மறைக்கக் கூடாது. துளையை ஒட்டி வைத்த வெள்ளரிக்காயும் தயிரும் உறைந்துபோக, கதவுப் பக்கம் உள்ளவை போதிய குளிர் பெறாமல் இருக்கும். கதவுத் தட்டுகளே பெட்டியில் அதிகம் வெப்பம் ஏறி இறங்கும் இடம். அங்கே ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை வைக்கலாம். பாலை உள்தட்டில் வைப்பது நல்லது.

சமைத்த உணவைச் சமைத்த 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைக்க வேண்டும். அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் இந்த அவகாசம் 1 மணி நேரம்தான். தமிழ்நாட்டின் கோடைப் பகல்களுக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும். பெரிய குண்டானில் உள்ள சாம்பாரை இரண்டு மூன்று அகலமான பாத்திரங்களில் மாற்றினால் சீக்கிரம் ஆறும். சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் நச்சுகளில் ஒன்று மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே சோற்றை நெடுநேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு ஃபிரிட்ஜில் வைப்பதால் பயனில்லை.

உறைந்த மீனையும் இறைச்சியையும் இளக்க, முதல் நாளே மேல்பகுதியின் கடைசிக் கண்ணாடித் தட்டில், விளிம்புள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும். அப்போது வடியும் நீர் மற்ற உணவின் மேல் படாது. வாழைப்பழம், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றை ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை.

இன்னும் பயன்படுத்தத் தொடங்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அது ஒருமுறை உறைந்தால் பயன்படுத்தக் கூடாது. ஆகவே அதை ஃப்ரீசரிலோ காற்றுத் துளைக்கு அருகிலோ வைக்காமல், ஒரு டப்பாவில் போட்டு நடுத்தட்டில் வைப்பது பாதுகாப்பானது.

மின்சாரம் நின்றால்

கதவைத் திறக்காமல் இருந்தால் மேல்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது சுமார் 24 மணி நேரமும் தாங்கும். அதற்குப் பிறகு பால், இறைச்சி, சமைத்த உணவு ஆகியவற்றை மணத்தை மட்டும் நம்பிப் பயன்படுத்தக் கூடாது; நோய் தரும் கிருமிகள் பல மணத்தை மாற்றுவதில்லை. ஃப்ரீசரில் உள்ளவற்றில் இன்னும் ஐஸ் படிகங்கள் தெரிந்தால் மீண்டும் உறையவைக்கலாம்.

வெளியூர் போகும்போது மின்தடை ஏற்பட்டதா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு சிறு கிண்ணத்தில் நீரை உறையவைத்து, ஐஸ் மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விட்டுச்செல்ல வேண்டும். திரும்பி வரும்போது நாணயம் அடியில் உறைந்திருந்தால், இடையில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்துள்ளது என்று பொருள். அந்த உணவைக் கொட்டிவிட வேண்டும்.

2015 டிசம்பரில் சென்னையில் நேர்ந்ததுபோல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தால், இந்த வகையில் ஃப்ரீசரே முதலில் நனையும். வெள்ள நீர் பட்ட உணவை உண்ணக் கூடாது. மெக்கானிக் சோதிக்காமல் பெட்டியை இயக்கவும் கூடாது.

வழக்கமான பராமரிப்பு

கதவு ரப்பர் (கேஸ்கட்): மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்பு நீரால் மடிப்புகளைத் துடைக்க வேண்டும். ஒரு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் சற்று இறுக்கமாக வர வேண்டும். தளர்வாக வந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. ஃப்ரீசர் கதவின் நான்கு பக்கமும் இப்படிச் சோதிக்க வேண்டும்.

உட்புறம்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துடைக்கலாம். குளிர்ந்த கண்ணாடித் தட்டின் மேல் வெந்நீரை ஊற்றினால் விரிசல் விடக்கூடும்.

இடம்: சுவருக்கும் பெட்டிக்கும் இடையே கையேடு சொல்லும் இடைவெளி தேவை. பக்கச் சுவர்களில் கண்டென்சர் உள்ள பெட்டியை அலமாரிக்குள் நெருக்கி வைத்தால் கம்ப்ரசர் அதிக நேரம் ஓடும். முன்பக்கக் கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால் கதவு தானாக மூடும்.

இழுப்பறைகள்: பின்சுவரில் இடிக்கும் அளவுக்கு நிரப்பக் கூடாது. ஐஸ் தட்டை மட்டமாக வைத்து, நீரை விளிம்புக்குக் கீழேயே நிறுத்த வேண்டும். சிந்திய நீர் இழுப்பறையின் தடத்தில் உறைந்தால் கதவு மூடாது.

பழுதின் அறிகுறிகள்

ஃப்ரீசர் குளிர்ந்து, மேல்பகுதி வெப்பமாக இருந்தால் விசிறி, டாம்பர், பனி நீக்கும் ஹீட்டர் ஆகியவற்றில் ஒன்றே பெரும்பாலும் காரணம். பிளக்கைக் கழற்றி, பெட்டியைக் காலி செய்து, கதவுகளைத் திறந்து 24 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். பிறகு சில நாட்கள் நன்றாக ஓடி மீண்டும் அதே நிலை வந்தால், பனி நீக்கும் அமைப்பில்தான் பழுது என்று ஊகிக்கலாம். இதை மெக்கானிக்கிடம் சொன்னால் தேவையில்லாமல் கேஸ் நிரப்பும் செலவு தவிரும்.

இரு பகுதிகளும் வெப்பமாகி, கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தால் கேஸ் கசிவோ கம்ப்ரசர் பழுதோ இருக்கலாம். குளிர்பதன வாயு மூடிய குழாய்க்குள் சுற்றுவது. அது தானாகத் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது பயன் தராது.

பாதுகாப்பு

முன்பு பயன்பட்ட ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைச் சிதைத்ததால், 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து படிப்படியாக விலக்கப்பட்டது. இப்போது பல வீட்டுப் பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், இது எரியக்கூடியது. வீட்டுப் பெட்டியில் இதன் அளவு 150 கிராமுக்குள்தான் இருக்கும். சாதாரணப் பயன்பாட்டில் அச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் படிந்த பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்தி எடுக்கக் கூடாது. குழாய் துளைபட்டால் அருகில் நெருப்போ சுவிட்சோ போடாமல், ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும்.

பழைய பெட்டியை ஒதுக்கும்போது கதவுகளைக் கழற்றிவிட வேண்டும். முற்காலப் பெட்டிகளில் கொக்கிப் பூட்டு இருந்ததால், விளையாட்டாக உள்ளே ஒளிந்த குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தனர். உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டம் இயற்றியது. இன்றைய காந்த ரப்பர் கதவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். காந்தக் கதவானாலும், கைவிடப்பட்ட பெட்டி குழந்தைகளுக்கு ஆபத்தே. இந்தியாவில் குளிர்சாதனப் பெட்டிகள் 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்கீழ் வருகின்றன. அவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சேர்ப்பதே முறை.