அம்மா, பார்ஸல்!

மத்தியானம் இரண்டு மணி. சமையலறையைக் கழுவிவிட்டு, ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "அப்பாடா!" என்று நீங்கள் உட்காருகிற நேரம். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. "அம்மா, பார்ஸல்!" என்று ஒரு குரல். எழுந்து போகிறீர்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறீர்கள். வந்தவன் முகம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் சொல்வீர்களா? நேற்று என் வீட்டுக்கு வந்தவனுக்கு மீசை இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகமாயிருக்கிறது!

இன்றைக்கு ஒரு நாள் அந்தக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்போமா? அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பவன் உங்கள் பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டணம் வேண்டாம். அங்கே தெருவுக்குத் தெரு பெயர்ப் பலகை உண்டு. திருவாலங்காட்டுக்குப் போவோம்.

திருத்தணிப் பக்கத்து ஊர். சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற ரயிலில் மணவூர் தாண்டியதும் வருகிற ஸ்டேஷன். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கேதான். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலமாயிற்றே, இதில் காலை வைப்பதா என்று திருஞானசம்பந்தர் ஊருக்குள் வரத் தயங்கினார் என்பார்கள். உங்கள் பிள்ளை தயங்கினால் நடக்குமா? முதுகில் மூட்டை, கையில் டெலிபோன், அதில் நாற்பது விலாசம்!

காலையில் கிடங்குக்குப் போகிறான். பெட்டிகளை எண்ணி, ஒவ்வொன்றையும் டெலிபோனால் படம் பிடித்துக் கணக்கில் ஏற்றிக்கொண்டு பையில் அடுக்க வேண்டும். புதியவன் கைக்கு வந்தபடி அடுக்குவான். பிறகு ஒவ்வொரு வாசலிலும் பையைக் கவிழ்த்துத் தேடுவான். பழகினவன் கடைசியில் கொடுக்க வேண்டியதை அடியிலும், முதலில் கொடுக்க வேண்டியதை மேலேயும் வைப்பான். நாம் ஊருக்குப் போகும்போது இரவுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பெட்டியின் மேலாக வைத்துக்கொள்கிறோமே, அதே சூட்சுமம்தான். இதற்குச் செலவாகும் இருபது நிமிஷம் வெயிலில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் முதல் வாரத்தில் யாருக்கும் இது தோன்றாது. சீக்கிரம் புறப்பட வேண்டும் என்ற பரபரப்பே மனத்தில் இருக்கும்.

சுமையும் வெயிலும் இரண்டு வாரத்தில் பழகிப் போகும். பழகாத ஒன்று விலாசம். புது ஆளைப் பாதி நாளில் அழ வைப்பது அதுதான்.

நாம் எப்படி விலாசம் எழுதுகிறோம்? பெயர், ஊர், "கோயில் அருகில்". திருவாலங்காட்டில் கோயில் அருகில் என்றால் என்ன அர்த்தம்? ஊரே கோயிலை வைத்து எழுந்ததல்லவா? வேறொருவர் "ஸ்டேஷன் அருகில்" என்று எழுதுவார். ஸ்டேஷனோ ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. பழைய நம்பர் ஒன்று, புது நம்பர் ஒன்று. தணிகை மலை முருகன் பக்கத்திலேயே இருப்பதால் தெருவுக்கு நாலு முருகன், இரண்டு சுப்பிரமணி! இனிஷியல் போடாவிட்டால் எந்த முருகனுக்கு எந்தப் பெட்டி?

வேடிக்கையைக் கேளுங்கள். விலாசத்தைத் திட்டமாக எழுதுவதில் இந்த ஊருக்கு ஆயிரம் ஆண்டுப் பெருமை உண்டு. 1905-ல் இங்கே 31 ஏடுகள் கொண்ட சோழர் செப்பேடு ஒன்று கிடைத்தது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தது. பக்கத்துப் பழையனூரைக் கோயிலுக்கு அளித்த செய்தி அதில் இருக்கிறது. அளித்தோம் என்று ஒரு வரியில் முடித்துவிடவில்லை. பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, எந்த ஊர் எல்லை எங்கே வந்து முட்டுகிறது என்று ஒவ்வொரு திசையாக விவரித்துக்கொண்டே போகிறார்கள். அந்த எழுத்தர் நம் வீட்டு விலாசத்தை எழுதியிருந்தால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வந்து சேர்ந்திருப்பான்!

நம் காலத்திலும் வழி இல்லாமலில்லை. 1972 ஆகஸ்டு 15-ல் தபால் இலாகா ஆறு இலக்கப் பின்கோடைக் கொண்டுவந்தது. அதில் கடைசி மூன்று இலக்கங்கள் குறிப்பிட்ட தபாலாபீஸைக் காட்டும். ஒரு இலக்கம் மாறினாலும் பெட்டி வேறு ஊர்க் கிடங்குக்கு ஊர்வலம் போய்விடும். 2025-ல் 'டிஜிபின்' என்று இன்னொன்றும் வந்திருக்கிறது. ஏறக்குறைய நாலு மீட்டர் சதுரத்துக்கு ஒன்றாக, பத்து எழுத்துக்களும் எண்களும் கொண்ட அடையாளம். உங்கள் வீட்டுத் துளசி மாடத்துக்குக்கூடத் தனி விலாசம் உண்டு என்று அர்த்தம். அது பழக்கத்துக்கு வருகிற வரையில், "ரேஷன் கடைக்கு எதிர்ச் சந்து, நீல கேட், மாடி வீடு" என்று நீங்கள் எழுதுகிற ஒரு வரிக்கு ஈடில்லை.

விலாசம் புரியாவிட்டால் டெலிபோன் செய்வான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும் என்று பிள்ளையிடம் சத்தியமே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கையில் டெலிபோனும் ஒரு கையில் கைப்பிடியுமாகப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மறுமுனையில் தெலுங்கு கேட்டாலும் அவன் திகைக்கக் கூடாது. திருத்தணி 1960 வரையில் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்ததுதானே! இந்தப் பக்கத்தில் தெலுங்கு பேசுகிற வீடுகள் நிறைய. "எக்கட உன்னாரு?" என்று கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது பணம். பொருளை வாங்கிக்கொண்டு காசு கொடுப்பது நமக்குப் புதிதல்ல. வி.பி.பி.யில் புத்தகம் வரவழைத்த வீடுகள்தானே நம்முடையவை? இந்தியத் தபாலில் அந்த முறை 1877-லேயே வந்துவிட்டது. ஆனால் தபால்காரர் சர்க்கார் சம்பளக்காரர். இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சம்பளம் பெட்டிக் கணக்கில்தான். பெட்ரோல் அவர்கள் கையிலிருந்து. "எங்க வீட்டுக்காரர் இல்லை, நாளைக்கு வா தம்பி" என்று நாம் சொன்னால், பல இடங்களில் அன்று வந்து போனதற்குக் காலணா கிடையாது. 487 ரூபாய்க்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறைக்கு அவன் எங்கே போவான்? சாயங்காலம் கிடங்கில் பணத்தை ஒப்படைக்கும்போது ஐம்பது ரூபாய் குறைந்தால் அவன் பையிலிருந்துதான் போகும். ஒவ்வொரு வாசலிலும் எண்ணி வாங்கி, அங்கேயே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

நமக்கும் ஒரு ஜாக்கிரதை. டெலிபோனில் வருகிற ரகசிய எண்ணைப் பெட்டி கைக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். "முன்னாலேயே சொல்லுங்கள், பெட்டி வருகிறது" என்று யாராவது கேட்டால் அவன் பார்ஸல்காரனே அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான பிள்ளை இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டான்.

சர்க்காரும் இவர்களைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-ல் இவர்களுக்கென்று நல வாரியம் ஏற்பட்டது. அதில் பதிவு செய்துகொண்ட 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலைக்கு 20,000 ரூபாய் மானியம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆனால் பிள்ளைகளில் பலர் "இரண்டு மாத வேலைதானே" என்று பதிவு செய்யாமலே இருந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் இரண்டு வருஷமாகிறது. ஒரு நாள் வழுக்கி விழுந்து கையைக் கட்டிக்கொண்டு வரும்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆதாரையும் பாங்குப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்து, லீவு நாளில் அவனை அனுப்பி வைக்க வேண்டியது அம்மாதான். ஹெல்மெட்டின் வாரை மாட்டினானா என்று பார்ப்பதும் அம்மாதான். தலையில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, வாரை மாட்ட வேண்டும்.

முதல் வாரத்தில் உங்கள் பிள்ளை இருட்டிய பிறகு வருவான். பையில் ஏழெட்டுப் பெட்டி மிச்சம் இருக்கும். "எனக்கு இது சரிப்படாது" என்பான். அப்போது புத்திமதி சொல்லாதீர்கள். சாதம் போடுங்கள். சாப்பிட்டானதும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, அன்றைக்குச் சுற்ற வைத்த வீடுகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்தச் சந்து முட்டுச் சந்து, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தத் தாத்தாவுக்குக் காது கேட்காது, எந்த வீட்டில் மாலையில்தான் ஆள் இருக்கும் என்று தினம் பத்து வரி. மூன்றாம் வாரத்தில் அந்த நோட்டைத் திறக்க வேண்டியிராது.

இனி வாசல் பக்கம் திரும்புவோம். இரண்டு மணி வெயில். திருத்தணிப் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது அதிசயமே இல்லை. பெட்டியைக் கொடுத்தவன் வண்டியை உதைக்கிறான். "தம்பி, கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டுப் பாருங்கள். "வேண்டாம்மா, இன்னும் பதினாறு இருக்கு" என்றுதான் பெரும்பாலும் சொல்வான். சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டால் குடித்துவிடுவான்.