புதுத் தொட்டியில் பாசி தின்னும் மீனை உடனே விட்டால் ஏன் சாகிறது?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய புதுத் தொட்டி பளிச்சென்று தெளிந்து நிற்கும். அப்புறம் மீன் ஏன் சாகிறது?

மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளிவிடுகிறது. அது மீனுக்கே நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட் ஆக்கும். இந்த இரு வகையும் பில்டர் பஞ்சில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகலாம். அவசரமா? பாலுக்கு உறைமோர் விடுவதுபோல, நோயில்லாத பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டை உள்ளே வையுங்கள்.

அதற்குள் கண்ணாடியில் பழுப்புப் பாசிப் படலம் படரும். விரலால் தேய்த்தாலே வந்துவிடும். பாசி மீனுக்கு அதுதான் சோறு. அது இல்லாவிட்டால் பட்டினி.

பாசி தின்னும் மீன்களில் சக்கர் மீன் மட்டும் வேண்டாமே! கடையில் விரல் நீளம்தான். வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். தொட்டி போதவில்லையென்று நெய்யாற்றில் விட்டுவிடாதீர்கள். இந்தத் தென் அமெரிக்க மீன் திருவனந்தபுரத்து ஆமயிழஞ்சான் தோடு என்ற கால்வாயில் ஏற்கெனவே பெருகிவிட்டது.