கணினி தூங்கினாலும் கடிகாரம் தூங்காது



தஞ்சோங் டாவாய்க்குக் கருவாடு வாங்கப் போகிறவர்கள் மெர்போக் ஆற்று முகத்தில் படகுகள் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். நாம் தூங்கினாலும் விழித்தாலும் அங்கே கடல் ஏறுவதும் வற்றுவதும் நடந்துகொண்டேதான் இருக்கும். நம் வீட்டுக் கணினிக்குள்ளும் அப்படி ஓயாத ஒன்று உண்டு.

அந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டுகிறவர்கள். மகள் மேற்படிப்புக்கு மனுச் செய்ய வேண்டிய கடைசி நாள். கணினியை முடுக்கினால் 2009ஆம் ஆண்டு என்று காட்டுகிறது. மனுப் பக்கம் திறக்க மறுக்கிறது. கடையில் கேட்டபோது, "பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்றார்களாம். உண்மையில் கெட்டுப்போனது சில வெள்ளி விலையுள்ள ஒரு பேட்டரி மட்டுமே.

அது 20 காசு நாணயம் அளவில் வட்டமாக, வெள்ளி நிறத்தில் இருக்கும். மூன்று வோல்ட் மின்சாரம் தரும். கணினியின் மற்ற உறுப்புகள் எல்லாம் அடங்கிய பிறகும், சின்னஞ்சிறு கடிகாரம் ஒன்றுக்கு மட்டும் இது உணவு ஊட்டுகிறது. அந்தக் கடிகாரத்தில் ஒரு படிகத் துண்டு இருக்கிறது. மின்சாரம் பட்டதும் அது வினாடிக்கு 32,768 முறை துடிக்கும். இதென்ன வேடிக்கையான கணக்கு என்று கேட்பீர்கள். 32,768ஐப் பாதியாக்குங்கள், வந்ததை மீண்டும் பாதியாக்குங்கள். இப்படிப் பதினைந்து முறை செய்தால் மிஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றுதான் ஒரு வினாடி. சுவரில் மாட்டும் பேட்டரிக் கடிகாரங்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன.

முதலில் இந்த வசதி எல்லாக் கணினிகளிலும் இருக்கவில்லை. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட சிறிய கணினி, முடுக்கும்போதெல்லாம் "இன்று என்ன தேதி, மணி என்ன?" என்று ஆளைக் கேட்கும். 1984இல் வந்த அடுத்த வகையில்தான் பேட்டரியோடு கடிகாரமும் சேர்ந்து வந்தது.

அந்த 1981ஐப் பெரியவர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். டிசம்பர் 31ஆம் தேதி இரவு, மணி 11.30 ஆனதும் தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை 12.00க்குத் தள்ளி வைத்தோம். 1982 அரை மணி முன்னதாகவே பிறந்துவிட்டது! சூரியன் என்னவோ தன் நேரத்தில்தான் வந்தது. பெரட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் இருட்டு அரை மணி நீண்டது. மனிதன் வைக்கும் மணி வேறு, ஓடும் காலம் வேறு. கணினிக் கடிகாரம் வினாடிகளை எண்ணும். எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

சரி, தேதி தவறினால் பக்கம் ஏன் திறக்கவில்லை? வங்கி, அரசாங்கப் பக்கங்கள் ஒவ்வொன்றும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற அடையாளச் சான்றை வைத்திருக்கின்றன. 2009 என்று நம்பும் கணினிக்கு அந்தச் சான்று இன்னும் பிறக்காத ஒன்று. ஆகவே சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது. அந்தப் பெண் தேதியைக் கையால் திருத்தியதும் பக்கம் திறந்தது. மனுவும் அன்றிரவே போய்ச் சேர்ந்தது. மறுநாள்தான் பேட்டரி வாங்கினார்கள்.

இந்தப் பேட்டரி பொதுவாகச் சில ஆண்டுகள் உழைக்கும். சுவர்ச் சுவிட்சையும் நிறுத்திவிடும் வீடுகளில் சுமை முழுவதும் அதன் தலையில்தான். மாற்றுவதானால் மின்கம்பியை முதலில் பிடுங்கிவிடுங்கள். பழசில் எழுதியிருக்கும் எண்ணைக் காட்டிப் புதிது வாங்குங்கள். மடிக்கணினியைத் திறப்பது சிரமம், பழகியவரிடம் விடுவதே மேல்.

தாய்மார்களே, ஒன்று சொல்ல வேண்டும். கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டு வைக்காதீர்கள். மின்சாரம் தீர்ந்தது போலத் தோன்றினாலும், குழந்தை விழுங்கி அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பழைய பேட்டரியின் இருபுறமும் ஒட்டுநாடாவைச் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மின்கழிவு வாங்கும் இடத்துக்குப் போகும்போது அதையும் கொடுத்துவிடலாம்.