மூன்று வினாக்களின் பொருள்: ஜெர்மனியின் குடியுரிமைத் தேர்வு

குடியுரிமைத் தேர்வு என்றதும் ஒரு நாட்டின் வரலாறு, அரசியலமைப்பு, தேசியக் கொடி ஆகியவற்றைப் பற்றிய வினாக்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஜெர்மனியில் 2008 செப்டம்பர் முதல் நடைபெற்றுவரும் தேர்வு, விண்ணப்பிப்பவர் தாம் வாழும் மாநிலத்தைப் பற்றி அறிந்திருக்கிறாரா என்பதையும் கேட்கிறது. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் குடியேறி வாழும் நாடு அது. ஆதலால், இத்தேர்வின் அமைப்பு தமிழாசிரியரும் மாணவரும் அறியத்தக்கதாகும்.

தேர்வில் 33 வினாக்கள். காலம் 60 நிமிடம். ஒவ்வொரு வினாவுக்கும் தரப்படும் நான்கு விடைகளுள் ஒன்றே சரியானது. 17 வினாக்களுக்குச் சரியாக விடையளிப்பவர் தேர்ச்சி பெறுவார். முப்பது வினாக்கள் நாடு முழுமைக்கும் பொதுவான 300 வினாக்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. எஞ்சிய மூன்றும் அவரவர் மாநிலத்துக்கென வகுக்கப்பட்ட 10 வினாக்களிலிருந்து வருகின்றன. வினாத்தொகுப்பு முழுவதும் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கிறது.

இக்கணக்கின்படி, மாநில வினாக்களை முற்றிலும் கைவிட்டவரும் தேர்ச்சி பெறலாம். அவ்வாறாயினும் அவற்றைப் பொருளுணர்ந்து கற்பதே நன்று என்பது நம் கருத்து. காரணம், அவ்வினாக்களிலேயே உள்ளது.

நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். தமிழர் வழிபடும் காமாட்சி அம்மன் கோயில் அமைந்த ஹம் நகரம் இம்மாநிலத்தில்தான் உள்ளது. இம்மாநிலத்தில் எந்த அமைச்சர் இல்லை என்று ஒரு வினா கேட்கிறது. வெளியுறவு அமைச்சர் என்பது விடை. இதனை மனனம் செய்வது எளிது. ஆனால், ஏன் இல்லை என்று கேட்டால்தான் கூட்டாட்சி விளங்கும். வெளியுறவும் நாட்டுப் பாதுகாப்பும் நடுவண் அரசின் பொறுப்பு. பள்ளிக் கல்வி மாநிலத்தின் பொறுப்பு. பிள்ளையின் பள்ளியைப் பற்றிக் கவலைகொள்ளும் பெற்றோர் எந்த அரசை நோக்க வேண்டும் என்பதை அந்த ஒரு வினா உணர்த்திவிடுகிறது.

உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் வயது மற்றொரு வினா. அம்மாநிலத்தில் அது 16, பவேரியாவில் 18. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத வெளிநாட்டவருக்கோ ஜெர்மனியில் உள்ளாட்சி வாக்குரிமையும் இல்லை. எனவே, ஜெர்மானியக் குடியுரிமை பெற்ற பதினாறு வயது மகள் நகரமன்றத்துக்கு வாக்களிக்கையில், இலங்கைக் குடியுரிமையுடன் பல்லாண்டுகள் அந்நகரில் உழைத்த தந்தை வாக்களிக்க இயலாது. தேர்வு அவருக்கு எதனைத் திறந்துவிடுகிறது என்பது இங்கே தெளிவாகும்.

இனி, பயிற்றும் முறை. தேர்வு ஜெர்மன் மொழியிலேயே நடைபெறுவதால், முதியோர் பலர் விடையின் வடிவத்தை மட்டும் நினைவில் கொள்கின்றனர். அதனினும் சொற்களைப் பிரித்துக் காட்டுவது பயன்தரும். ‘பூண்ட்’ என்பது கூட்டாட்சியையும் ‘லாண்ட்’ என்பது மாநிலத்தையும் குறிக்கும். ஆகவே, ‘பூண்டெஸ்டாக்’ நாடாளுமன்றம். ‘லாண்ட்டாக்’ மாநிலச் சட்டமன்றம். எனினும், ‘லாண்ட்’ என்னும் அதே சொல் நாட்டையும் குறிக்குமாதலால், இடம் நோக்கிப் பொருள்கொள்ளப் பழக்க வேண்டும். கருத்தை முதலில் தமிழில் விளக்கி, பின்னர் ஜெர்மன் சொல்லை அதனோடு பொருத்தி, இறுதியில் வினாவைப் படிக்கச் செய்வதே ஏற்ற வரிசையாகும். மாநிலத்துக்குரிய பத்து வினாக்களை வரைபடத்தோடு முதலில் கற்பித்தால், தாம் நடமாடும் ஊரிலிருந்தே பாடம் தொடங்குவதைக் கற்போர் உணர்வர். முந்நூறு பொது வினாக்களையும் அச்சமின்றி அணுகுவர்.