தென்காசிக்காரியும் அருவியில் குளிக்க வேண்டாமா?

தோழிகளே, ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கி, பொடிச் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசி வீடுகளில் அடுப்பு அணையாது. "சீசன் எப்படி இருக்கு? தண்ணி விழுதா?" என்று மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் போன் மேல் போன் வரும். "நல்லா விழுது, வாங்க வாங்க" என்று வாய் சொல்லும்போதே கை இட்லி அரிசியை அளக்கப் போய்விடும். வருகிறவர்கள் நம் சொந்தம்தான், பாசத்தோடுதான் வருகிறார்கள். அதைக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 24 வருடமாகிறது. விருந்தாளிகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் நானாக அருவிக்கு அடியில் நின்று தலை நனைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "மதினி, இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, ஒரு முங்கு போட்டுட்டு ஓடி வந்துடுறோம்" என்பார்கள். ஒரு முங்கு ஒரு மணி நேரமாகும். அதற்குள் பிள்ளைகள் உதடு நீலம் பாரித்து, நடுங்கிக்கொண்டு வந்து நிற்கும். துவட்டி, உடுப்பு மாற்றி, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் குரங்கு வந்துவிடும். குரங்கை விரட்டி முடித்தால் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார்கள். நீங்க குளிக்கலையா என்று யாராவது கேட்டால், அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள்: "உங்களுக்கென்ன, உள்ளூர்தானே, நெனச்சா குளிக்கலாம்."

இந்த 'உள்ளூர்தானே' என்ற வார்த்தைதான் எங்களை இத்தனை வருடம் கரையிலேயே உட்கார வைத்தது.

போன ஆடியில் எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் பேசி வைத்தோம். விருந்தாளி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. சனி, ஞாயிறு, ஆடி அமாவாசை என்றால் அருவியில் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். வீட்டில் சொன்னதும் எங்க வீட்டுக்காரர், "அஞ்சும் பொம்பளைகளா? துணைக்கு யாரு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து என் மாமியார், "ஏன், நான் போறேன் துணைக்கு. எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு. பேரருவில தலை நனைச்சு பதினஞ்சு வருசமாச்சு. என்னையும் கூட்டிட்டுப் போ தாயி" என்றார்களே பார்க்கலாம். இத்தனை நாள் அத்தைக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

விடியற்காலையில் முதலில் காசிவிசுவநாதர் கோயில். சீசன் சமயத்தில் அந்த ஒன்பது நிலைக் கோபுர வாசலில் நுழைந்து பாருங்கள், காற்று ஆளைத் தள்ளும். சேலையைப் பிடிக்க இரண்டு கை போதாது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் மலைத்தொடர் தணிந்து இடைவெளி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகச் சாரலையும் சேர்த்துக்கொண்டு நம் ஊருக்குள் வருகிறது. இந்தக் கோயிலை 15-ம் நூற்றாண்டில் கட்டியவர் பராக்கிரம பாண்டியர். பின்னாளில் இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரி செய்து காப்பவர்கள் யாரானாலும் அவர்கள் பாதத்தில் விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் எழுதி வைத்த ராஜா அவர். பல காலம் பாழ்பட்டுக் கிடந்த கோபுரத்தைப் புதிதாக எழுப்பி 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். கட்டியவரைவிடக் காப்பாற்றுகிறவருக்கு மரியாதை சொன்ன ராஜாவை, வீடு கூட்டி மெழுகும் நமக்குப் பிடிக்காமல் போகுமா?

அங்கிருந்து டவுன் பஸ். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால், "எவ்வளவு செலவாகும்?" என்ற கேள்விக்கும் வீட்டில் இடமில்லாமல் போயிற்று. ஐந்தாறு கிலோமீட்டர்தான். பஸ் ஜன்னலில் மலை கிட்ட வரவர அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அத்தனை உயரத்துத் தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால் நாம் தாங்குவோமா? பாதி வழியில் பாறையிலேயே 'பொங்குமாங்கடல்' என்று ஒரு பெரிய குழி இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் நம்மிடம் வருகிறது. பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆறு பேரில் இரண்டு பேர் பைக்குக் காவல், நாலு பேர் குளியல், பிறகு மாற்றிக்கொள்வது என்று முதலிலேயே முறை போட்டுவிட்டோம். அத்தைக்கு மட்டும் முறை கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அரை மணி நேரம் நின்றார்கள். "போதும் அத்தை, சளி பிடிக்கும்" என்றால், "நீ சும்மா இரு" என்று பதில். இறங்கி வந்ததும் முட்டி வலி பாதி போய்விட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் வலி திரும்ப வந்தது, அது வேறு விஷயம்.

சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். சேலையைவிடச் சுடிதார் வசதி. தண்ணீர் வேகத்தில் சேலை காலைச் சுற்றும். கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனசு வராதவர்கள் ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். எண்ணெய், சோப்பு, சீயக்காய், ஷாம்பு எதுவும் அருவியில் வேண்டாம். எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடையே இருக்கிறது. இந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகி, வழியெல்லாம் வயலுக்குப் பாய்ந்து, கடைசியில் தாமிரபரணியில் சேருகிறது. உடை மாற்றும் அறையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஓர் அருவியில் தாழ்ப்பாளே இல்லாத கதவை ஒருவர் வெளியே பிடித்துக்கொள்ள, மற்றவர் மாற்றினோம். பெரிய துண்டு ஒன்று கையில் இருக்கட்டும். குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிறவர்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாமல் அங்கே நிற்கும் போலீஸாரிடம் சொல்லுங்கள். நாங்கள் சொன்னோம். உடனே வந்து விரட்டினார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அப்போது சீசன்கூடத் தொடங்கவில்லை, கோடை மழைதான். கீழே நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, இலை, சருகு, குச்சி வர ஆரம்பித்தாலோ, இரைச்சல் கூடினாலோ, யாரும் விசில் ஊதும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும் நாட்களில் குளிக்க விடமாட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று போலீஸாரிடம் வாதாடும் ஆண்களைப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. செண்பகாதேவி, தேனருவி எல்லாம் மலைக்கு மேலே வனத்துறைப் பகுதி. தடையை மீறி ஏற வேண்டாம்.

குளித்த ஈரத்தலையோடு பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவக் கோயில் இது. சற்றுத் தள்ளிச் சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. உள்ளே சுவரெல்லாம் ஓவியம். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். விருந்தாளிகளோடு வந்தால் இதற்கு நேரமே இருக்காது. எங்களில் தமிழ் படித்த ஒரு தோழி, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிக் கதையை அங்கேயே உட்கார்ந்து சொன்னாள். அதில் வரும் குறத்தி சிங்கி குறி சொல்லிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வருகிறாள். இத்தனை நாள் எங்கே போனாய் என்று சிங்கன் கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கிறது. "அவளுக்கு நம்மளவிட சுதந்திரம் இருந்திருக்கு" என்றார்கள் அத்தை. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஐந்தருவிக்கு ஆட்டோவில் போய் ஓடையோரத்தில் கூட்டாஞ்சோறும் மிளகாய் வத்தலும் சாப்பிட்டு, சுடச்சுட சுக்குக் காப்பி குடித்து, மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு, நாலு மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். பண்பொழி திருமலைக் கோயிலும், சூரியகாந்தி பூக்கும் சமயத்தில் சுந்தரபாண்டியபுரமும் போக ஆசைதான். ஒரே நாளில் அத்தனையும் பார்ப்பது என்பது விருந்தாளிகள் செய்கிற காரியம்.

சீசனுக்கு எங்கள் ஊருக்கு வரும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். தாராளமாக வாருங்கள். ஒரு ராத்திரியாவது வீட்டு அடுப்புக்கு லீவு கொடுத்து, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அருவிக்குப் போனால் பையை ஒரு தரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாகச் செங்கோட்டையில் ரயிலேறிப் புனலூர் வரை போய்த் திரும்பலாம் என்று பேச்சு. 2010-ல் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தி, அகலப் பாதையாக்கி, 2018-ல் மறுபடி விட்ட பாதை அது. குகைகளும், கழுதுருட்டியில் 13 கண் பாலமும் வழியில் உண்டு. ஆறு பேர் இப்போது ஒன்பது பேர் ஆகிவிட்டோம். ஜன்னல் சீட்டு யாருக்கு என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை. அத்தை தனக்கொன்று பிடித்து வைத்துவிட்டார்கள்.

— ஒரு வாசகி, தென்காசி.